அவனுக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் படியுங்கள் என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன். தயங்காமல் பாராட்ட மட்டும் முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சங்கடம்தான் இந்தக் கட்டுரை.

2013இல் காலச்சுவடு வெளியிட்ட சிறிய நாவல் அது. அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய், 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. கதை எளிமையானது. கொங்கு மண்ணின் வறண்ட ஊர் ஒன்றைச் சேர்ந்த குமரேசன், சோடாக் கடை வேலைக்காகத் தோலூருக்குப் போகிறான். தகப்பனும் அண்ணனும் தோல் வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்ணான சரோஜாவைக் காதலிக்கிறான். இருவரும் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பிப்போய் மணம் முடிக்கிறார்கள். வெயில் கொளுத்தும் ஒரு பகலில் அவனுடைய ஊரில் பேருந்தை விட்டு இறங்குகிறார்கள்.

பாறைமேல் ஒரு குடிசை. அதில் மாராயி, கணவனை இழந்தபின் ஒற்றை மகனைப் பாடுபட்டு ஆளாக்கியவள். மருமகளைக் கண்டதும் அவள் தொடங்கும் வசையும் ஒப்பாரியும் ஓய்வதேயில்லை. ஊர் திரண்டு வந்து பார்க்கிறது. ‘என்ன ஆளுங்க?’ என்பதே எல்லாருடைய கேள்வியும். நம்ம சாதிதான் என்று சாதிக்கிறான் குமரேசன். யாரும் நம்பவில்லை. வெயிலில் பாடுபட்ட நிறம் இல்லையே இது என்கிறார்கள். ஊர் அவர்களை ஒதுக்கிவைக்கிறது. சரோஜா கருவுற்றிருக்கிறாள். குமரேசன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவள் இருட்டில் ஒதுங்கிய புதரைச் சூழ்ந்து தீ வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மாராயியின் குரலும் கேட்கிறது. எங்கோ அவனுடைய சைக்கிள் ஓசையும் கேட்கிறது. நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

எந்தச் சாதியின் பெயரும் நாவலில் இல்லை. இருந்தும் இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் யார் எவர் என்று புரியாமல் போகாது. அந்தச் சமூகத்துக்குள்ளேயே பிறந்து, சோடாக் கடைக்காரரின் மகனாகத் திருச்செங்கோட்டுப் பக்கம் வளர்ந்த ஓர் ஆண், தன் ஊரின் முகத்தை இவ்வளவு நேராக எழுதியிருப்பது சின்ன விஷயமல்ல. கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் பெரும்பகுதி சரோஜாவின் கண் வழியாகவே போகிறது. சாளையின் வெக்கை, பேச ஆளில்லாத பகல், ஒதுங்குவதற்குக்கூட அச்சப்பட்டுப் போகவேண்டிய காடு எல்லாம் அவளுடைய உடம்பின் வழியாகவே நமக்கு வருகின்றன. ஆண் எழுதிய காதல் கதைகளில் பெண்ணுக்கு இத்தனை பக்கங்கள் கிடைப்பது அரிது.

இனி என் தயக்கம்.

குமரேசன் நல்லவன். நாவல் அவனை அப்படித்தான் படைத்திருக்கிறது, நானும் அப்படியே நம்புகிறேன். அவன் அடிப்பதில்லை, குடித்துவிட்டு வந்து கத்துவதில்லை, கைவிடுவதில்லை. தாய்க்கும் மனைவிக்கும் இடையில் கிடந்து நொந்துபோகிறான். ‘எல்லாஞ் செரியாப் போயிரும்’ என்று நம் ஆண்கள் சொல்வார்களே, அந்த நம்பிக்கையை அப்படியே ஆளாக்கி நடமாட விட்டது போன்றவன் அவன். நாளாக ஆகத் தாய் மனம் மாறுவாள், ஊர் வாய் மூடும், தொழில் நிலைத்தால் எல்லாம் அடங்கும்.

ஆனால் ஊர் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவளுடைய சாதியை மறைக்கிறான். வாய் தவறியும் சொல்லிவிடாதே என்று எச்சரிக்கிறான். எதை மறைக்க வேண்டும் என்று சொன்னவன், மறைத்தது வெளிப்பட்டால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்க் கோயிலில் வரி கொடுத்து, பங்காளிகள் நடுவில் வளர்ந்தவனுக்கு அது தெரிந்திருக்கும். நகரத்தில் வளர்ந்த சரோஜாவுக்குத் தெரிய வழியில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்து வந்தாள். அவன் முகத்துக்குப் பின்னால் இருந்த ஊரை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

இதற்கு என்ன பெயர் வைப்பது? பொய் என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அவன் தன்னையும் சேர்த்தே ஏமாற்றிக்கொண்டான். அறியாமை என்றும் சொல்ல முடியாது, மறைக்கத் தெரிந்தவன் அறியாதவன் அல்ல. தன் உயிரைப் பணயம் வைப்பது துணிச்சல். தனக்குத் தெரிந்த ஆபத்தில் இன்னொருத்தியின் உயிரை, அவளுக்குத் தெரியாமல் வைப்பதைத் துணிச்சல் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. காதலித்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு குறையாது. சரோஜா எல்லாவற்றையும் விட்டுவிட்டு நம்பி வந்தது அவனை மட்டும்தான், அதனாலேயே அது கூடுகிறது.

ஈரோட்டுக்காரரான பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் காதலுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். காதல் என்பது மனிதருக்கு மேற்பட்ட புனிதம் என்ற எண்ணத்தை அதில் உடைக்கிறார். பழக்கத்தாலும் தேவையாலும் விருப்பத்தாலும் வருவது, மாறவும் கூடியது என்று அதைத் தரைக்கு இறக்கிவிடுகிறார். பலர் அதைக் காதலுக்கு எதிரான பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பெண்ணைக் காக்கிற பேச்சாகவே படுகிறது. புனிதம் என்று சொல்லிவிட்டால் யாரும் கணக்குக் கேட்க முடியாது. இரண்டு மனிதருக்கிடையிலான ஏற்பாடு என்றால் கேட்கலாம்: எங்கே கூட்டிப் போகிறாய், அங்கே யார் இருக்கிறார்கள், எனக்கு ஒன்றென்றால் நான் யாரிடம் ஓடுவது?

இப்படிக் கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதையும் மறக்கவில்லை. 2012இல் தருமபுரியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதையொட்டிய ஆண்டுகளில் ‘நாடகக் காதல்’ என்ற சொல்லைச் சாதி அமைப்புகள் ஊர் ஊராகக் கொண்டுபோயின. பெண்களுக்கு விவரம் போதாது, எவனோ ஏமாற்றிவிடுகிறான், ஆகவே பெற்றவர்கள் சொல்கிற இடத்தில் கழுத்தை நீட்டட்டும் என்பதே அதன் சாரம். குமரேசனை நோக்கி நான் கேட்கும் கேள்வியும் அவர்களுக்கே உதவிவிடாதா? கோவையில் தோழிகளோடு இந்த நாவலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதே இடத்தில்தான் பேச்சு முட்டிக்கொள்ளும். சாதியை மீறிய ஒருவனைப் போய்க் குற்றம் சொல்கிறாயே என்பார் ஒருவர். சாதியை மீறியவன் அவன், எரிந்தவள் அவள் என்பார் இன்னொருவர்.

என் பதில் இது. அவளுக்குத் தெரியாது, அதனால் அவளைத் தடுப்போம் என்கிறார்கள் அவர்கள். அவளுக்குத் தெரியாது, அதனால் அவளிடம் சொல்லுங்கள் என்கிறோம் நாம். ஒன்று முடிவெடுக்கும் உரிமையை அவள் கையிலிருந்து பிடுங்குகிறது. மற்றது அந்த முடிவை அவளே எடுப்பதற்குத் தேவையானதைக் கையில் கொடுக்கச் சொல்கிறது. ‘நாடகக் காதல்’ கதையில் வில்லனாக நிறுத்தப்படுபவன் எப்போதும் ஒடுக்கப்பட்ட சாதி இளைஞன். ‘பூக்குழி’யிலோ ஆதிக்கச் சாதி ஆண், தனக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்ணைக் கூட்டிவருகிறான். அந்தத் திசையில் நடக்கும் காதலைப் பற்றிச் சாதி அமைப்புகள் மேடை போட்டுக் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை.

கவலைப்படாததற்குக் காரணம் உண்டு. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் உயிர்நாடி அகமணமுறையில் இருக்கிறது என்று காட்டினார். அகமணத்தைக் காப்பது என்றால் நடைமுறையில் தன் சாதிப் பெண்ணைக் காவல் காப்பது. ஆணுக்கு அந்த வேலி அவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. அவன் எங்கேயும் போகலாம், வீட்டுக்கு மட்டும் கூட்டி வரக் கூடாது. குமரேசன் செய்த குற்றம் அதுதான். அவன் சரோஜாவைத் தோலூரிலேயே வைத்துக்கொண்டிருந்தால் ஊர் கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் கூடும்.

கண்ணை மூடிக்கொள்ள இந்த ஊர்களுக்கு நன்றாகவே தெரியும். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன சேலத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் குழந்தை வேண்டாம் என்று ஒரு தலைமுறை கணக்குப் போட்டது. அடுத்த தலைமுறைப் பையன்களுக்குக் கட்டிக்கொள்ளப் பெண் இல்லை. இருக்கிற பெண்களும் படித்துவிட்டு, தோட்டம் துரவு பார்க்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார்கள். ஆகவே தரகர்கள் வழியாகக் கேரளத்திலிருந்து, பாலக்காட்டுப் பக்கமிருந்து, ஏழை வீடுகளில் பெண் எடுத்து வருகிறார்கள். அந்தப் பெண்களின் சாதியை யாரும் தோண்டித் துருவிக் கேட்பதில்லை. சரோஜாவைப் புதரோடு எரித்த அதே கேள்வியை, தேவை வந்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ள முடிகிறது. மொழி தெரியாத ஊருக்கு வந்து சேரும் அந்தப் பெண்ணிடம், ‘நீ இன்னாருனு வாயத் தொறக்காத’ என்று எத்தனை வீடுகளில் சொல்லி வைத்திருப்பார்கள்? ‘பூக்குழி’ பழைய காலத்துக் கதை இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இரண்டாவது தயக்கம் மாராயியைப் பற்றியது. நாவலை மூடிய பிறகு காதில் நிற்பது அவளுடைய குரல். ஒதுக்கிவைக்க முடிவெடுத்தது ஊர். உறவைத் துண்டித்தவர்கள் மாமன்மார். ஆனால் நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்து அந்தச் சாதியைப் பேச்சாக்கிப் பொழிகிறவள் பெண். இது பொய்ச் சித்திரம் இல்லை. கைம்பெண்ணாக, ஊர் வாயில் விழாமல் ஒற்றை மகனை வளர்க்க வேண்டியிருந்த ஒருத்தியிடம் சாதியைத் தவிர வேறு என்ன பிடிமானத்தை அந்த ஊர் விட்டுவைத்தது? ஊரோடு ஒட்டி இருந்தால்தான் அவளுக்குத் தண்ணீரும் துணையும் சாவுக்கு ஆளும். அந்த மிரட்டலின் கீழே ஆயுள் முழுக்க இருந்தவளைத்தான் ஊர் தன் வாயாக்கிக்கொண்டது. நாவலுக்குள் இதற்கான தடயங்கள் உண்டு. ஆனால் சரோஜாவின் உள்ளே போகும் கதை, மாராயியின் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதனால் வாசகர் நினைவில் கொலைக்குப் பெண் முகம் கிடைத்துவிடுகிறது. திட்டம் போட்ட ஆண்கள் இருட்டில் நிழலாகவே கலைந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது தயக்கம் சரோஜாவைப் பற்றியது. அவளுடைய பயம் நமக்குத் தெரிகிறது. அவளுடைய விருப்பம் அவ்வளவாகத் தெரியவில்லை. அவனைத் தவிர வேறு எதை விரும்பினாள், எதற்குச் சிரிப்பாள், என்ன செய்யத் தெரிந்தவள்? வந்த நாளிலிருந்து சாகும் வரை அவள் காத்திருக்கிறாள். காலையில் சைக்கிளில் போனவன் மாலையில் வருவதற்காக. கடைசியிலும் அந்த ஓசைக்காகவே. வாசிக்கும் நாமும் அவளோடு சேர்ந்து அந்த ஓசைக்குக் காது கொடுக்கிறோம். காப்பாற்ற வருபவன் அவன் என்று நம்மையும் நினைக்க வைத்துவிடுகிறது அந்த முடிவு. அவளை அங்கே கொண்டுவந்தவனும் அவனே என்பது அந்த நேரத்தில் மறந்துபோகிறது. பரிவோடு எழுதும் ஆணுக்கும் இது நேர்ந்துவிடுகிறது. துன்பப்படுகிற பெண்ணை அவரால் அருகில் போய்ப் பார்க்க முடிகிறது. முடிவெடுக்கிற பெண்ணைப் பார்க்கும்போது கொஞ்சம் எட்ட நின்றுவிடுகிறார்.

நாவல் தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. 2013 ஜூலையில் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்த அந்த இளைஞனுக்கு அந்தப் பக்கம் உரியதுதான். ஆனால் அந்தக் கதையில் உயிரோடு எஞ்சியவள் ஒரு பெண். எஞ்சியவளுக்கு நம் இலக்கியத்தில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.

எஞ்சிய பெண்கள் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். உடனிருந்த கௌசல்யாவுக்கும் வெட்டு விழுந்தது. சங்கர் தலித், கௌசல்யா இடைநிலைச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைத்த கௌசல்யா, தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பு எதுவாக இருந்தாலும், என்ன நடந்தது என்பதைச் சொல்லும் இடத்தை அந்தப் பெண் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பேச்சில் கேட்பது பயம் மட்டும் அல்ல. கோபம், காதல், அரசியல், பிறகு வாழ்ந்தாக வேண்டிய வாழ்க்கை எல்லாம் அதில் இருக்கின்றன.

எல்லாராலும் அப்படிப் பேச முடியாது. 2015 ஜூனில், பெண் பாதியாக நிற்கும் அர்த்தநாரீசுவரரின் திருச்செங்கோட்டுக் கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தோழி நீதிமன்றத்தில், கண்காணிப்புக் கேமரா காட்சியில் இருப்பது தான் இல்லை என்று சொன்னார். உயர்நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. வெளியிலும் அவரைத் தூற்றினார்கள். கோகுல்ராஜின் தாய்க்கு அந்த மறுப்பு எவ்வளவு பெரிய அடி என்பதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி அவர் எந்தத் தெருவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அங்கே அவரிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்? தன் உருவத்தையே ‘அது நான் இல்லை’ என்று சொல்ல நேர்ந்த ஒரு பெண்ணின் கதையை எழுத இன்னும் யாரும் உட்காரவில்லை. யார் எழுதினாலும் அவரைக் கோழை என்றோ பாவம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

அதற்காக, ஆண்கள் பெண்களைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பெருமாள்முருகன் ‘பூக்குழி’யை எழுதாவிட்டால் சரோஜா என்ற பெயரே நமக்குக் கிடைத்திருக்காது. ‘மாதொருபாக’னுக்காக 2015இல் இதே ஊர்க்காரர்கள் அவரைத் துரத்தி, எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரையே அறிவிக்க வைத்தார்கள். அப்போது அவர்கள் பிடித்த கொடியும் ‘எங்கள் பெண்களின் மானம்’தான். அந்தக் கூட்டத்துக்கு எதிராக அவர் பக்கம் நிற்பதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கேள்வி கேட்பதும் தோழமைதான்.

‘பூக்குழி’ என்பது நெருப்பு மிதிக்கும் குழி. நம் பக்கத்தில் குண்டம் என்போம். பண்ணாரியில் பங்குனி மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள், பெண்களும் இறங்குகிறார்கள். விரதம் இருந்து, எதிரே கனல் கிடப்பதைக் கண்ணால் பார்த்து, தானாக இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையை ஏற்காதவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். இறங்குகிறவருக்கு அது நெருப்பு என்று தெரியும். சரோஜாவுக்கு அது தெரியாது. அவளிடம் பூ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

தோலூரில், கிளம்புவதற்கு முன்னால், குமரேசன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எங்க ஊரு இப்படி, எங்கம்மா இப்படி, தெரிஞ்சா கொன்னாலும் கொன்னுருவாங்க என்று. அவள் வரமாட்டேன் என்றிருக்கலாம். கதை அங்கேயே முடிந்திருக்கும், அவளும் இருந்திருப்பாள். வேறு ஊருக்குப் போவோம், கோயமுத்தூரில் ஒரு மில்லுக் காலனியில் ஓர் அறை பிடிப்போம், எனக்கும் ஒரு வேலை பார் என்றிருக்கலாம். அல்லது எல்லாம் தெரிந்துகொண்டு, போவோம் வா, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்றும் சொல்லியிருக்கலாம். மூன்றில் எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நாவலுக்கும் தெரியாது. அவளை யாரும் கேட்கவே இல்லை.